மீனுக்குள் செடி

மீன் குடல் எண்ணெய் காய்ச்சுகிற வீட்டுக்கு யாரும் வழி கேட்க வேண்டியதில்லை. பிள்ளைப்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் மூக்கே கொண்டுபோய் விட்டுவிடும். ஏரிக்கரையை ஒட்டிய கடைசித் தெருவில் கடைசி வீடு. வெயில் ஏறஏற அந்த நாற்றம் தெருவைத் தாண்டி, கோயிலைத் தாண்டி, பலராமன் வீட்டு வாசல் வரைக்கும் போய் நிற்கும். பலராமன் ஏரிப் பாசனக்காரர்களுக்குத் தலைவர். துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். அப்படி உட்காருவதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். உள்ளே போய் உட்கார்ந்தால் யார் பார்ப்பார்கள்?

எண்பத்திரண்டாம் வருஷம். நான் அப்போது சுங்குவார்சத்திரம் ரோட்டில் இருந்த ஒரு எண்ணெய்க் கம்பெனியில் லேப் அசிஸ்டெண்ட். பதனிட்ட தோலை மெத்தென்று ஆக்குவதற்கு மீன் எண்ணெய் வேண்டும். குரோம்பேட்டை, பல்லாவரம் தோல் கிடங்குகளுக்கு நாங்கள் அதைச் சுத்தம் செய்து அனுப்பினோம். கடல் மீன் எண்ணெய் காசிமேட்டிலிருந்து லாரியில் வரும். அது போதாதபோது சுற்றுவட்டார ஏரிக்காரர்கள் காய்ச்சுகிற குடல் எண்ணெயையும் டின் டின்னாக வாங்குவோம். எனக்கு வயது இருபத்துமூன்று. மைக்ராஸ்கோப்பில் தெரிவதெல்லாம் சத்தியம் என்று நம்புகிற வயது. அந்த வயதில் கையில் பேனாவையும் கொடுத்துவிட்டால் வேறு கேடு வேண்டாம்.

பிள்ளைப்பாக்கம் எண்ணெய் கண்ணப்பன் வீட்டிலிருந்து வந்தது. கண்ணப்பன் ஏரி மீனை மூன்று வருஷக் குத்தகைக்கு எடுத்திருந்தான். அவனுக்கு முன் எடுத்தவன் மீன் கொழுக்கட்டும் என்று கோழிக் கழிவைக் கொட்டி, மீனெல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு செத்து மிதந்து, ஒரு மாதம் ஊர் மாடுகள் அந்தத் தண்ணீரில் வாய் வைக்கவில்லை. அதனால் பலராமன் குத்தகை விடும்போதே கண்ணப்பனிடம் கறாராகச் சொல்லிவிட்டார்: தண்ணீரில் வலையைத் தவிர வேறெதுவும் இறங்கக் கூடாது. இரை என்று ஒரு பிடி போட்டாலும் குத்தகை அன்றோடு ரத்து. கண்ணப்பன் நாலு பேர் முன்னால் தலையை ஆட்டியிருந்தான்.

கண்ணப்பனின் தம்பி ரகுபதி எங்கள் கம்பெனியில் டிரம் உருட்டுகிற காஷுவல். மூன்று வருஷமாகப் பர்மனெண்ட் ஆகிவிடும் ஆகிவிடும் என்று காத்துக்கிடந்தான். அவன் மூலமாகத்தான் எண்ணெய் வந்தது. அந்த எண்ணெய் வருகிற வரைக்கும்தான் லிஸ்டில் அவன் பேருக்கு இடம். வீட்டில் இன்னும் இரண்டு பேர். கண்ணப்பனின் மனைவி பாஞ்சாலி, தாய் முனியம்மாள். உழைப்பு பாஞ்சாலியுடையது, வாய் முனியம்மாளுடையது.

காய்ச்சுகிற வேலை முழுக்கப் பாஞ்சாலிதான். வலை இழுத்த அன்று கரையில் அறுக்கிற கெண்டை, கட்லா எல்லாவற்றின் குடலையும் கூடையில் வாரிக்கொண்டு வருவாள். விரலால் பிதுக்கி இரண்டு தண்ணீரில் அலசுவாள். கீற மாட்டாள், கீறினால் கொழுப்பு தண்ணீரோடு போய்விடும். அண்டாவில் போட்டு வேலிகாத்தான் விறகில் சிறு தீயாக எரிப்பாள். எண்ணெய் மிதந்ததும் கொட்டாங்கச்சி அகப்பையால் மேலாக மொண்டு, வேறு சட்டியில் ஊற்றி மறுபடி காய்ச்சுவாள். சடசடப்பு அடங்கினால் ஈரம் போய்விட்டது என்று அர்த்தம். பழைய வேட்டித் துணியில் வடிகட்டி டின்னில் அடைப்பாள். ஒன்றரை வருஷம் அவள் எண்ணெயில் ஒரு குறை சொன்னதில்லை நாங்கள்.

வைகாசியில் வந்த டின்னில்தான் வினை வந்தது.

எங்கள் சோதனை எளிது. எண்ணெயைக் காரம் போட்டுக் காய்ச்சினால் பெரும்பகுதி சோப்பாகிவிடும். சோப்பாகாமல் நிற்கிற கொஞ்சத்தைப் பிரித்து உறைய விட்டால் படிகம் கட்டும். மீன், ஆடு, மாடு, மனிதன் எல்லோருடைய கொழுப்பிலும் இருப்பது கொலஸ்ட்ரால். அதன் படிகம் தேய்ந்த சில்லு மாதிரி சாய்சதுரமாக இருக்கும். செடிகொடிகளின் எண்ணெயில் அதற்குப் பங்காளி முறையில் வேறொன்று உண்டு, செடி ஸ்டிரால் என்போம். அதன் படிகம் நீண்டு இரண்டு நுனியும் கூராக இருக்கும். இரண்டும் கலந்திருந்தால் படிகத்தின் நுனி வால்போலப் பிளந்து தெரியும். பாஞ்சாலியின் எண்ணெயில் வரிசையாகப் பிளந்த வால்கள் தெரிந்தன.

தலைமை கெமிஸ்ட் கோதண்டராமன் எட்டிப் பார்த்தார். "எழுதுய்யா. தாவர எண்ணெய் கலப்படம்."

எழுதினேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

அன்று சாயங்காலம் சூப்பர்வைசர் ரகுபதியை லைனில் எல்லோர் முன்னாலும் நிறுத்தினார். "பர்மனெண்ட் லிஸ்ட்ல ஒன் பேரு கீதுடா. இருக்கணுமா வேணாமான்னு ஒங்க வூட்டுக்காரங்களையே கேட்டுகினு வா" என்றார். ரகுபதி நான் எழுதிய சோதனைச் சீட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். அங்கே என்ன நடந்தது என்பதை மறுநாள் காலையில் பாஞ்சாலியின் முகத்திலேயே பார்த்தேன்.

ஷிப்ட் சங்கு ஊதி அரை மணி ஆகியிருக்கும். வாட்ச்மேன் வந்து, "சார், ஒரு பொம்பள கேட்டாண்ட நின்னுகினு கீது. சீட்டு எழுதுனவன வெளிய வரச் சொல்லுன்னு கத்திகினு கீது" என்றான்.

முப்பது வயதிருக்கும். இடுப்பில் எண்ணெய் டின். இடது கன்னம் வீங்கிக் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீதான் எழுதினியா?"

"ஆமாம்மா. டெஸ்ட்ல அப்படி வந்தது."

"டெஸ்ட்டு பொய் சொல்லாதா?"

"சொல்லாது."

"அப்ப நான் சொல்றேன்ற. இன்னா கலந்தேன்?"

"தாவர எண்ணெய். கடலை எண்ணெய் மாதிரி ஏதோ ஒண்ணு."

அவள் டின்னை டக்கென்று தரையில் வைத்தாள். "கடலெண்ண இன்னா வெல விக்குதுன்னு தெரியுமா சார் ஒனக்கு? எங்க வூட்ல கொழம்பு தாளிக்க ரெண்டு சொட்டு வுடறதுக்கே எங்க மாமியா தலமாட்டுல நின்னு பாத்துகினு இருப்பா. அத்த எடுத்தாந்து தோலுக்குப் பூசற நாத்தத்துல ஊத்துவனா? படிச்சவன்தானே நீ? மூள கீதா?"

நல்ல கேள்வி. என் சோதனைக் குழாய்க்கும் கோதண்டராமனின் கண்ணாடிக்கும் தோன்றாத கேள்வி. பதில் இல்லாதபோது படித்தவன் என்ன செய்வானோ அதைத்தான் நானும் செய்தேன். "உங்கப்பா மண்ணூர்ல செக்குல வேலை செய்யறாராமே. அடியில தங்கற எண்ணெய்க் கசண்டு சும்மா கிடைக்குமே" என்றேன். ரகுபதி போகிற போக்கில் சொன்னதைப் பிடித்து வைத்திருந்தேன். சொன்ன உடனே என் நாக்கை நானே கடித்துக்கொண்டேன், ஆனால் சொன்னது சொன்னதுதான்.



"எங்க வூட்லயும் இத்தயேதான் சொன்னாங்க" என்றாள். "செக்குக்காரன் பொண்ணு, புத்திய காட்டிட்டான்னு. மாரியம்மா கோயில்ல கற்பூரம் அணைச்சி சத்தியம் பண்ணு, இல்லாங்காட்டி மண்ணூருக்கு நடன்றாங்க. கற்பூரம் அணைக்க மாட்டேன்னுட்டேன். செய்யாதவ எதுக்கு சார் சத்தியம் பண்ணணும்? இன்னிக்கு எண்ணைக்கு அணைச்சா நாளைக்கு உப்புக்கு அணைக்கணும், நாளன்னிக்கு ஒண்ணுக்குப் போறதுக்கும் அணைக்கணும். நீ வா. ஒன் கண்ணு முன்னாடி காச்சறேன். நீ எடுத்தாந்து பாரு. அதுலயும் கலப்புன்னா நானே பொட்டிய தூக்கிகினு போயிடறேன். களவாணின்ற பேரோட மட்டும் போ மாட்டேன்."

கோதண்டராமன் போய் வரச் சொன்னார். உண்மை தெரியவேண்டும் என்று அல்ல. அந்த வீட்டு எண்ணெயை நிறுத்துவதற்கு இரண்டு சீட்டு இருந்தால் ஃபைல் நன்றாக இருக்கும் என்று.

வியாழக்கிழமை வலை இழுத்தார்கள். நான் மூடி போட்ட பாட்டிலும் அரக்கும் எடுத்துக்கொண்டு போனேன். ஏரி பாதிக்கு வற்றி, நடுவில் பச்சையாகக் குழம்பிக் கிடந்தது. தெருவே அந்த வீட்டு முன்னால் கூடியிருந்தது. யாருக்கும் வேலை இல்லை என்று இல்லை.

"வந்துட்டாரு பாரு, தீர்ப்பு சொல்ற தொர" என்றாள் முனியம்மாள். "வா தொர, குந்து. எங்க குடி கெட்ட கதய கிட்ட குந்தி பாரு."

"அம்மா, சும்மா இரு. கம்பெனி ஆளு" என்றான் ரகுபதி.

"இருக்கட்டும். நான் இன்னா பொய்யா சொன்னேன்? ஏழு வருசம் ஆச்சி இவ வந்து. ஒரு புள்ள பொறந்துச்சா? எண்ணையாவது ஒழுங்கா காச்சறான்னு பாத்தேன், அதுலயும் மண்ண போட்டா."

கண்ணப்பன் முருங்கை மரத்தடியில் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தான். பெரிய உடம்பு, சின்னக் குரல். பெண்டாட்டியை அறைந்த கை அதே கைதானா என்று சந்தேகம் வருகிற மாதிரி நிதானமாக நூலைக் கோத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு பசு கட்டியிருந்தது. முனியம்மாளிடம் அதற்கும் ஒரு பாட்டம் வசவு இருந்தது.

"மாட்டுக்குன்னு மண்ணூர்லருந்து மூட்ட மூட்டயா புண்ணாக்கு வருது. மாட்ட பாரு, எலும்ப எண்ணலாம். இந்த வூட்ல துன்றது எதுவும் ஒட்டாது."

"மாட்டுக்கு நோவும்மா" என்றான் கண்ணப்பன். அன்று முழுக்க அவன் பேசியது அவ்வளவுதான்.

பாஞ்சாலி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். ஆனால் அண்டாவைத் தொடவில்லை. கூட்டத்தைப் பார்த்து, "ஏ சந்திரம்மா, வா. நீ கழுவு" என்றாள்.

சந்திரம்மாள் எதிர்வீட்டுக்காரி. நாற்றத்துக்காக வாரம் ஒரு முறை பாஞ்சாலியோடு தெருவில் நின்று சண்டை போடுகிறவள். "நான் எதுக்குடி கழுவணும்?"

"நீதான் கழுவணும். என்ன மாட்டி வுட இந்தத் தெருவுல ஒன்னய வுட்டா யாரு கீறாங்க? ஒன் கையால கழுவு, ஒன் வூட்டுத் தண்ணிய ஊத்து, ஒன் வெறக வெச்சி எரி. என் வெரலு கூட படாது. நான் அதோ அந்தக் கல்லு மேல குந்திக்கறேன்."

சந்திரம்மாளுக்குப் பிடித்துப்போய்விட்டது. அண்டாவைச் சாம்பல் போட்டு மூன்று தடவை தேய்த்தாள். முகர்ந்து பார்த்தாள், என்னையும் முகரச் சொன்னாள். குடலைப் பாஞ்சாலி தூரத்திலிருந்தே சொல்லச் சொல்லப் பிதுக்கி அலசினாள். "அய்யே, இன்னாடி இது, வயிறு வயிறா இப்பிடி ரொம்பிக் கெடக்குது" என்று முகத்தைச் சுளித்தாள். நான் அதைக் காதில் வாங்கவில்லை. யாருமே வாங்கவில்லை.

வெயில் மண்டையைப் பிளந்தது. எண்ணெய் மிதக்கிற வரைக்கும் ஒன்றும் செய்வதற்கில்லை. முனியம்மாள் எனக்கு மட்டும் கேழ்வரகுக் கூழும் சுட்ட கருவாடும் கொண்டுவந்து வைத்தாள். கம்பெனிக்காரன் வயிறு நிறைந்தால் சின்ன மகனுக்கு ஆகும் என்ற நினைப்பு. கல்லின் மேல் உட்கார்ந்திருந்த பாஞ்சாலி தன் பங்குக்கு ஒரு மண் சட்டியைத் திறந்தாள்.

"வூட்டுப் பானைய நான் தொடக் கூடாது சார். மூணு நாளா இதுதான்" என்றாள். சட்டியில் நத்தைக் கறி. "ஏரி ஓரமா பொறுக்கினது. துன்னு பாரு. பாசியவே மேஞ்சி வளருதா, எவ்ளோ மொளகா போட்டாலும் பாசி வாசம் போவாது."

ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். உண்மைதான். கறியின் காரத்தையும் மீறி ஏரித் தண்ணீரின் வாசம் வந்தது.

மூன்று மணிக்கு எண்ணெய் ஆறியது. சந்திரம்மாள் வடிகட்டினாள். நான் பாட்டிலில் நிரப்பி அரக்கு வைத்தேன். பாஞ்சாலி கல்லை விட்டு இறங்கி வந்து, முதல் முறையாக மாமியாரை நேருக்கு நேர் பார்த்தாள்.

"பாத்துகினியா அத்த?"

"சீட்டு வரட்டும்" என்றாள் முனியம்மாள்.

வெள்ளிக்கிழமை மதியம் மைக்ராஸ்கோப்பில் குனிந்தேன். பிளந்த வால்கள்.

ஸ்லைடை மாற்றினேன். மறுபடி முதலிலிருந்து செய்தேன். அதே வால்கள்.  அவள் கல்லின் மேல் உட்கார்ந்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன், ஒரு விரல் பட்டிருக்காது.

கோதண்டராமன் சிரித்தார். "பார்த்தியா, உன்னை வெச்சுக்கிட்டே கலந்திருக்கா. கெட்டிக்காரிதான்."

"அவ தொடவே இல்ல சார். எதிர்வீட்டுப் பொம்பளை காய்ச்சினா."

"ரெண்டும் கூட்டு."

"அதுங்க ரெண்டும் கூட்டுன்னா சூரியன் மேற்க உதிக்கும் சார்."

அவர் அதற்குள் ரகுபதியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். ரகுபதி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சைக்கிளை எடுத்தான். "நாளைக்கு காலைல பெரியவங்கள வெச்சி மண்ணூருக்கு அனுப்பிடறோம் சார். என் பேர லிஸ்ட்ல இருந்து எடுத்துடாதீங்க" என்று சூப்பர்வைசரிடம் அவன் கெஞ்சியது லேப் வரைக்கும் கேட்டது.

ஸ்டூலில் உட்கார்ந்து என்னை நானே திட்டிக்கொண்டேன். சோதனையும் பொய் சொல்லவில்லை, அவளும் பொய் சொல்லவில்லை என்றால் நடுவில் எது பொய்? நாக்கில் அந்தப் பாசி வாசம் இன்னும் இருந்த மாதிரி இருந்தது. பாசியை மேய்ந்த நத்தையில் பாசி வாசம். எழுந்து ஸ்ரீபெரும்புதூர் சந்தைக்கு ஓடினேன். நத்தை கொஞ்சம், வேறொரு ஏரியில் பிடித்த கெண்டை இரண்டு வாங்கி வந்தேன். வியாழக்கிழமை கரையில் ரகுபதி எனக்கென்று கொடுத்த பிள்ளைப்பாக்கத்துக் கட்லா அறுக்காமல் லேப் ஐஸில் இருந்தது. மூன்றையும் தனித்தனியாகக் காய்ச்சினேன்.

நத்தையில் செடிப் படிகம் கொட்டிக் கிடந்தது. அதில் யாரும் எண்ணெய் கலந்திருக்க முடியாது. சந்தைக் கெண்டையில் சில்லு சில்லாக வெறும் கொலஸ்ட்ரால். பிள்ளைப்பாக்கத்து மீனில் மட்டும், குடலில் நிறையவும் சதைக் கொழுப்பில் கொஞ்சமுமாக, வால் பிளந்து நின்றது. காய்ச்சாமல் மிச்சம் வைத்திருந்த குடலைக் கத்தியால் கீறினேன். உள்ளே மஞ்சளாக, பொடிப்பொடியாக, மாட்டுக்கொட்டில் வாசத்தோடு கடலைப் புண்ணாக்கு.

கோதண்டராமனிடம் ஓடினேன். அவர் நிதானமாக ஒரு பழைய ஆராய்ச்சிப் புத்தகத்தைத் தேடி எடுத்தார். "ம். நத்தை, சிப்பி, மட்டி இதுகள்ல செடி ஸ்டிரால் இருக்கும்னு எழுதியிருக்கான். தின்கிற பாசியிலிருந்து வர்றதாம். மீன்ல அவ்வளவா நிக்காது. இரையில ரொம்ப இருந்தா கொஞ்சம் நிக்கலாம். குடலோட காய்ச்சினா கேட்கவே வேண்டாம்."

"அப்ப அவ கலக்கல."

"கலக்கல."

"சீட்டை மாத்தி எழுதலாமா சார்?"

"கலப்படம் இல்லைன்னு எழுது. ஆனா எண்ணெய் வேண்டாம். எப்படி வந்தாலும் வந்ததுதான்."

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் பிள்ளைப்பாக்கம் போனேன். நான் போய்ச் சேரும்போதே வீட்டு வாசலில் ஒரு தகரப் பெட்டி வைக்கப்பட்டிருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் பாஞ்சாலி நின்றுகொண்டிருந்தாள். எதிரே நாற்காலியில் பலராமன், அவருக்குப் பின்னால் பாசனக்காரர்கள் நாலைந்து பேர். கண்ணப்பன் சுவரைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தான்.

"நாலு பேரு கண்ணுலயே மண்ண தூவிட்டா" என்று முனியம்மாள் சொல்லிக்கொண்டிருந்தாள். "கல்லு மேல குந்திகினே கலந்துட்டா. இவ சாதாரணப்பட்டவ இல்ல. வூட்ல வெச்சிகினா நாளைக்கு சோத்துல இன்னாத்த கலப்பாளோ!"

"அவங்க கலக்கல" என்றேன். மூச்சு வாங்கியது. "நான் தப்பா எழுதிட்டேன். மன்னிச்சுக்குங்க. எண்ணெயில செடிச் சத்து இருக்கறது நிஜம். ஆனா அது மீனுக்குள்ளேயே இருந்தது. மீன் தின்னதுல இருந்து வந்தது. நத்தை பாசியைத் தின்னா அதுல பாசி இருக்குது பாருங்க, அந்த மாதிரி."

முனியம்மாள் கைதட்டிச் சிரித்தாள். "கேட்டியா கதைய! மீனுக்குள்ள செடி மொளச்சிதாம். எம்மா துட்டு குடுத்தா சார் ஒனக்கு?"

"யம்மா, இரு" என்று பலராமன் கையைத் தூக்கினார். விவசாயி. அவருக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தம்பி, நீ சொல்லு. எங்க ஏரி மீனு இன்னா துன்னுச்சி?"

அப்போதுதான் நான் எங்கே வந்து நிற்கிறேன் என்று எனக்குப் புரிந்தது. குத்தகைப் பேச்சு எனக்கும் தெரியும். பாவி, வருகிற வழியெல்லாம் என் சீட்டை நினைத்தேனே தவிர, இதை நினைக்கவில்லை. வாயை மூடிக்கொள்ளலாம். மூடினால் தகரப் பெட்டி மண்ணூருக்குப் போகும்.

"புண்ணாக்கு" என்றேன்.

 பலராமன் மெதுவாகக் கண்ணப்பன் பக்கம் திரும்பினார்.

"ஏரில எர போட்டியாடா?"

"இல்லீங்க பெரியவரே."

"புண்ணாக்கு போட்டியா?"

"போடல. ஆத்தா மேல ஆணையா போடல."

பாஞ்சாலி புருஷனைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாளாக அவளுக்கும் தெரியாத விடை அப்போதுதான் அவளுக்கும் கிடைத்திருந்தது. கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவள் காத்திருந்தாள். ஒரு பீடி பிடித்து முடிக்கிற நேரம் இருக்கும், அத்தனை பேரும் நிற்க, அவள் கண்ணப்பனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யோவ்" என்றாள் கடைசியில். "சொல்லுய்யா."

"இன்னாத்த சொல்ல?"

"வெடிகாலைல கூடைல எடுத்துகினு போறியே, அத்த சொல்லு."

"அது மாட்டுக்கு."

"மாடு இங்க கட்டிக் கெடக்குது. ஏரிக்கு எதுக்குய்யா எடுத்துகினு போற?"

"வாய மூடுடி" என்றான். குரல் அப்போதும் சின்னக் குரல்தான். "ஒனக்கு ஒண்ணும் தெரியாது. மூடு."

ரகுபதி பாய்ந்து வந்தான். "அண்ணி, ஒன் கால்ல வுழறேன். இத்தோட வுட்டுடு. நீ மண்ணூருக்குப் போவ வேணாம். ஒண்ணும் வேணாம். உள்ள வா."

பாஞ்சாலி அவனைத் தாண்டிப் பலராமன் முன்னால் போய் நின்றாள்.

"சித்திர மாசத்துலருந்து போட்டுகினு கீறாரு பெரியவரே. மேக்கால மதகாண்ட, ரெண்டு எடத்துல. தவிடும் புண்ணாக்கும் உருண்ட புடிச்சி. ஊற வெச்சி உருண்ட புடிச்சி குடுத்தது நான். போடக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். தெரிஞ்சேதான் செஞ்சோம். அது தப்பு, அத்த ஒத்துக்கறேன். எண்ணைல நான் ஒண்ணும் கலக்கல."

பலராமன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மூக்கைப் பொத்தவில்லை, ஆத்திரத்தில் நாற்றம் மறந்துபோயிருக்க வேண்டும். "மாடு தண்ணி குடிக்க மாட்டேங்குது, மாட்டேங்குதுன்னு தலபாடா அடிச்சிகினேன். வெயிலு, பாசின்னு கத வுட்டானுங்க" என்றார். "டேய் கண்ணப்பா. இன்னிலருந்து ஏரில ஒன் வல எறங்கக் கூடாது. எறங்குனா வலையோட கொளுத்துவேன்." பின்னால் நின்றவர்கள் அதற்குமேல் நாலு வார்த்தை சேர்த்துத் திட்டினார்கள். சந்திரம்மாள் மட்டும் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கூட்டம் கலைந்தது. நான் திருத்தி எழுதிய சீட்டை எடுத்து நீட்டினேன். வாங்குவதற்கு ஆள் இல்லை. ரகுபதி தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். முனியம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். ஏழு வருஷத்துக்கும் சேர்த்துத் திட்டினாள். திட்டித் திட்டிக் குரல் கம்மிப்போய், கடைசியில் கெஞ்சுகிற மாதிரி கேட்டாள்.

"ஆமா, நான்தான் கலந்தேன்னு ஒரு வார்த்த சொல்லித் தொலச்சிருந்தா இன்னாடி? பத்து நாளு ஒன் நைனா வூட்ல குந்திட்டு வந்திருப்ப. நானே வந்து கூட்டியாந்திருப்பேன். ஏரி கைய வுட்டுப் போயிருக்காது, சின்னவன் வேலயும் போயிருக்காது. ஒரே ஒரு வார்த்த. சொன்னா ஒன் வாயி வெந்தா பூடும்?"

நேற்று வரைக்கும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய் என்று கேட்ட வாய் அது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பாஞ்சாலிக்கு எரிந்ததா என்று தெரியவில்லை. அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"ஒரு வார்த்ததான் அத்த. அத்த ஒன் புள்ளயாண்ட கேளு. போட்டேன்னு அவரு வாயால சொல்லுவாருன்னுதான் நானும் இம்மா நேரம் நின்னுகினு இருந்தேன்."

கண்ணப்பன் சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பாஞ்சாலி குனிந்து தகரப் பெட்டியைத் தூக்கினாள். நான் கைகொடுக்கப் போனேன், வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு அவளே தலையில் ஏற்றிக்கொண்டாள். அப்போதுதான் கண்ணப்பன் எழுந்தான்.

"எங்க போற? ஒன்ன யாரும் போவ சொல்லலியே."

"யாரும் சொல்லல. அதான் போறேன்" என்றாள். "களவாணின்ற பேரோட போ மாட்டேன்னுதான் இத்தினி நாளு அடி வாங்கிகினு இங்க கெடந்தேன். இப்ப போலாம்."

ஏரிக்கரை மேலேறி ரோட்டைப் பார்க்க நடந்தாள். கொஞ்ச தூரம் விட்டு நானும் நடந்தேன். சுங்குவார்சத்திரம் பக்கத்திலிருந்து பஸ் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. இரண்டு பேரும் புளியமரத்தடியில் நின்றோம். அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.